பெயருக்கு முன்னால் ஒரு பெயர்

மின்னி பே, போர்ட் பிளேர்
4 ஜூன் 2012

அன்புள்ள அண்ணன் முத்துராஜ் அவர்களுக்கு,

இரண்டரை ஆண்டுகளாக நம்மிடையே ஒரு வரி போகவுமில்லை, வரவுமில்லை. தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் தாங்கள் துண்டித்துவிடுகிறீர்கள். ஆகவே எனக்குத் தெரிந்த தொழிலையே கையில் எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். இருந்தும் டெலானிபூரில் அலுவலகங்களுக்கு எதிரே மேசை போட்டு, சுனாமியில் எல்லாம் இழந்தவர்களுக்காக ஏழாண்டுகளாக மனு எழுதுகிறேன். என் மனு ஒன்றுகூட ‘விவரம் போதாது’ என்று திரும்பி வந்ததில்லை. இதையும் தாங்கள் திருப்ப மாட்டீர்கள் என நம்புகிறேன்.

சென்ற மாதம் தமீம் பாய் கடையில் பருப்பு மடித்துத் தந்த செய்தித்தாளில் நம் பெயரைக் கண்டேன். முசிறிப் பக்கத்தில் படைவீட்டார் வகையறாவுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அப்பா தம் பெயருக்கு முன்னால் இறுதிவரை விடாமல் போட்டுக்கொண்ட அதே படைவீட்டார். அவர்களுடைய குலக்கோயிலுக்கு அடுத்த ஆண்டு வைகாசியில் குடமுழுக்கு. இலங்கை, மலேயா என்று பிரிந்துபோன கிளைகளின் பெயர்களையெல்லாம் ஒரே கல்லில் வெட்டப் போகிறார்கள். ஆளாளுக்கு உரிமை கொண்டாடியதால், செயலாளர் சிவஞானம் என்னும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் மரபணுச் சோதனையை நிபந்தனையாக வைத்திருக்கிறார். ஊரில் இருக்கும் ஐந்து பெரியவர்களிடம் ஒரே குறி காணப்பட்டிருக்கிறது. அது நம்மிடமும் இருந்தால் அப்பாவின் பெயர் கல்லில் ஏறும்.

அந்தக் குறி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குமாம், மகளுக்கு இறங்காதாம். அப்பாவின் பெயருக்கு நான் சாட்சியாக முடியாது என்பதை முப்பத்தாறாம் வயதில் அறிந்துகொண்டேன். தாங்கள் ஒருவரே சாட்சி.

இத்துடன் இரண்டு பஞ்சுக் குச்சிகளும் ஒரு குழாயும் இணைத்துள்ளேன். ஒரு மணி நேரம் வெற்றிலை போடாமல் இருந்து, கன்னத்தின் உட்புறம் நன்றாகத் தேய்த்து, குழாயில் இட்டு மூடி, அடுத்த கப்பலில் அனுப்பவும். தகரப் பெட்டியில் இருக்கும் ஆவணங்களின் நகலும் தேவை.

அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. புதைத்த இடம் இல்லை, எரித்த இடம் இல்லை. உலகத்தில் எங்கேனும் ஒரு கல்லில் அவர் பெயர் இருக்கட்டும் என்று கேட்கிறேன். இது பேராசையன்று.

இப்படிக்கு,
படைவீட்டார் பழனியாண்டி மகள்
ஜெயராணி

•

மில்டேரா, கச்சால் தீவு
2 ஜூலை 2012

தங்கச்சி ஜெயராணிக்கு அண்ணன் எழுதுறது.

கடிதாசி வந்துச்சு. முதல் தடவ படிச்சப்ப, டிப்டி கமிஷனருக்குப் போக வேண்டியது தப்பி என்கிட்ட வந்துருச்சோன்னு நெனச்சேன். ரெண்டாம் தடவதான் ‘தாங்கள்’னா நான்னு வெளங்குச்சு. உங்க அண்ணிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். “ஏங்க, தாங்கள் போயி தண்ணி புடிச்சுட்டு வாங்க”ன்னு இப்ப அவளும் ஆரம்பிச்சுட்டா.

குச்சி ரெண்டும் வந்துச்சு. சட்டைப் பையில வச்சிருந்தேன். பாலுக்கு மரம் வெட்டிட்டு இருக்கையில குனிஞ்சப்ப பால் வாளியில விழுந்து உறைஞ்சு போச்சு. ரப்பர் மரத்துக்கு வேணா அவங்க சோதன பண்ணிக்கட்டும்.

இந்த வேல நமக்கு எதுக்கு ஜெயா? மேன்லேண்ட்காரன் கல்லுல பேர் வந்தா இங்க மழையில ஒழுகுற கூரை நின்னுடுமா? அவங்க நம்மளத் தேடி ஒரு நாளாவது வந்திருக்காங்களா? இங்க யாராவது “கஹாங் கா?”ன்னு கேட்டா கச்சால்னு சொல்றோம். கதம். அதுக்கு மேல ஊரும் இல்ல, பேரும் இல்ல.

பெட்டியில ஒண்ணும் இல்ல. பெட்டிப் பேச்ச எடுக்காத.

உன் மக சுதா நல்லாப் படிக்கிறாளா? அவளுக்குக் கொஞ்சம் பாக்கு அனுப்பலாம்னு பாத்தேன், கப்பல்ல ஆள் கெடைக்கல.

முத்துராஜ்

•

மின்னி பே
28 ஜூலை 2012

அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் நகைச்சுவை கிடைக்கப் பெற்றேன். குச்சிகள் பாலில் விழவில்லை என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தாறு ஆண்டுகளாக மரம் வெட்டும் கை, சட்டைப் பையில் இருப்பதைத் தவறவிடும் கையன்று.

ஆகவே 2009 டிசம்பரில், ஐந்தாம் ஆண்டு நினைவுநாளன்று, கோயில் முன்னால் எல்லோர் எதிரிலும் கேட்டதையே மறுபடியும் கேட்கிறேன். அன்று கேட்டவிதம் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்டது தவறன்று.

அந்தக் காலையில் நான் போர்ட் பிளேரில் இருந்தேன். கண்ணால் கண்டவர் சொன்னதைத்தான் அறிவேன். பூமி ஆடி ஓய்ந்த பிறகு கடல் உள்வாங்கியது. அப்பாவால் முழங்கால் வலியில் ஓட முடியாது. தாங்கள் முப்பத்தாறு வயது ஆண்மகன். மேட்டுக்கு ஓடி வரும்போது தங்கள் இரண்டு கைகளிலும் தகரப் பெட்டி இருந்தது. அப்பா இல்லை. பெட்டியைப் போட்டுவிட்டு அப்பாவைத் தூக்கியிருக்கலாம் என்று ஒரு முறைகூட தங்களுக்குத் தோன்றவில்லையா? அந்தப் பெட்டியில் அப்பாவைவிடப் பெரிதாக என்ன இருந்தது? நினைவுநாளில் நான் திறக்கச் சொன்னபோது, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டீர்களே, ஏன்?

அப்பாவின் உயிரைத்தான் தாங்கள் கொண்டுவரவில்லை. பெயரையாவது கொண்டுவரக்கூடாதா?

தமீம் பாயின் சரக்கோடு இரண்டாவது குச்சிகள் வருகின்றன. இம்முறை ரப்பர்ப் பால், எலி, மழை ஆகிய காரணங்கள் ஏற்கப்பட மாட்டா.

படைவீட்டார் பழனியாண்டி மகள்
ஜெயராணி

•

மில்டேரா
25 ஆகஸ்டு 2012

ஜெயா,

நாலு தடவ எழுதிக் கிழிச்சேன். இதையும் கிழிக்கிறதுக்குள்ள ஒட்டி அனுப்பிடணும்.

நான் அப்பாவுக்குப் பெறந்தவன் இல்ல.

உனக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல. நாங்க எழுபத்தஞ்சுல ரப்பர் தோட்ட வேலைக்குக் கச்சாலுக்கு வந்தோம், நீ அடுத்த வருசம் இங்க பெறந்தவ. அதுக்கு முன்னால நடந்தது இது. இலங்கையில தோட்டத்து லயத்துல, அதான் கூலிக்காரங்க வரிசை வீட்டுல, அப்பா அம்மா ஒரு காம்பரா ரூம்புல இருந்தாங்க. அடுத்த காம்பரா எங்களோடது. என்னப் பெத்தவரு பேரு அழகர்சாமி. என் பேரு செல்லையா. என் ஆத்தா என்னப் பெத்த வருசமே போயிருச்சு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வயசுலயே ஒரு பையன் இருந்தான். அவன் பேருதான் முத்துராஜ்.

இந்தியாவுக்குப் போக ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டை. அப்பா, அம்மா, மகன் முத்துராஜ்னு மூணு பேருக்கும் முத்திர குத்தியாச்சு. அதுக்கப்புறம் அந்தப் பையன் மஞ்சக்காமாலையில செத்துட்டான். அதே மாசம் மண்சரிவுல எங்க ஐயா மாட்டிக்கிட்டாரு. ரெண்டு நாள் உசுரோட கெடந்தாரு. எனக்கு அட்டையும் இல்ல, ஆளும் இல்ல. அட்டையில இருந்த முத்துராஜுக்கு உசுரு இல்ல. நம்ம அப்பா என்னக் கூட்டிட்டுப் போயி அவன் எடத்துல நிறுத்தினாரு.

எனக்கு அப்ப ஆறு வயசு. மண்டபம் கேம்ப்ல ஆபீசர் முன்னால நிக்கிறேன். அம்மா என் தோளப் புடிச்சிருக்கு. “உன் பேர் என்னடா?”ங்கிறாரு ஆபீசர். “முத்துராஜ்”ங்கிறேன். அம்மா கை நடுங்குச்சு பாரு, இன்னிக்கும் தோள்ல இருக்கு அந்த நடுக்கம். தன் செத்த புள்ள பேர இன்னொருத்தன் வாயால கேக்குறது எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் யாரும் அதப் பத்திப் பேசல. பேசினா என்னத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம். பெட்டியில குடும்ப அட்டையும் இங்கிலீசுல டைப் அடிச்ச ஒரு தாளும் இருக்கு. அந்தத் தாள் செத்த பையனோட சாவுச் சீட்டுன்னு நெனைக்கிறேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, தெரிஞ்சவன்கிட்ட காட்டினா என் கத வெளிய வந்துரும். அதனால இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் காட்டல.

நீ கேட்ட கேள்விக்கும் பதில் சொல்றேன். நான் அப்பாவத் தூக்கக் குனிஞ்சேன். அவரு பெட்டிய என் நெஞ்சுல வச்சு அழுத்தினாரு. “இத விட்டுறாத, ஓடு” அப்படின்னாரு. ரெண்டு கையும் பெட்டிக்கே சரியாப் போச்சு. மேட்டுல ஏறித் திரும்பினா தண்ணி மட்டும்தான் இருந்துச்சு. எட்டு வருசமா ஒண்ணுதான் யோசிக்கிறேன். அவரு பெத்த புள்ளையோட சீட்டக் காப்பாத்தத்தான் என்ன அனுப்புனாரு. அதத் தூக்கிட்டு வந்த கூலி நான்.

குச்சியத் தேய்ச்சு இதோட வச்சிருக்கேன். நான் சொன்னா நீ நம்ப மாட்ட. மிஷின் சொன்னா நம்புவ. இதுல படைவீட்டாரும் இருக்காது, பழனியாண்டியும் இருக்காது.

இனிமே என்ன அண்ணன்னு எழுதணும்னு உனக்குக் கட்டாயம் இல்ல.

முத்துராஜ்

•

மின்னி பே
11 டிசம்பர் 2012

அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் ஆகஸ்டு மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நான் அதை நம்பவில்லை. அப்பா அரசாங்கத்தின் முன்னால் பொய் உரைத்தார் என்பதை, மனுவில் ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதாத என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே தாங்கள் சொன்னபடியே இயந்திரத்தைக் கேட்டேன்.

நேற்று சிவஞானம் ஐயாவின் கடிதம் வந்தது. தங்கள் குறியும் ஊர்ப் பெரியவர்கள் ஐவரின் குறியும் ஒன்று. “ஐயத்துக்கு இடமின்றி நீங்கள் எங்கள் இரத்தம், வருக” என்று எழுதியிருக்கிறார். கல்லில் வெட்டவிருக்கும் வரியையும் ஒப்புதலுக்கு அனுப்பியுள்ளார்: ‘படைவீட்டார் பழனியாண்டி, கச்சால் தீவு. மகன் முத்துராஜ்.’ இவ்வளவும் கண்ணெதிரே இருக்கிறது.

நான் அழவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு, மூன்று பேருக்கு மனு எழுதினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். யோசித்திருக்க வேண்டாம்.

தாங்கள் அப்பாவின் மகன் என்பது உறுதி. அப்படியாயின் இரண்டில் ஒன்றுதான் உண்மை. பெட்டியை மறைக்கத் தாங்கள் ஒரு கதை கட்டினீர்கள் என்பது ஒன்று. ஆனால் அம்மாவின் கை நடுங்கியதைக் கட்டுக்கதையாகச் சொல்லும் ஆற்றல் தங்களுக்கு இல்லை. மற்றொன்றை எழுத என் பேனா கூசுகிறது. அடுத்த காம்பராவில் பிறந்த பிள்ளையிடம் அப்பாவின் குறி இருக்கிறது என்றால், அந்தக் காம்பராவுக்கும் அப்பாவுக்கும் என்ன தொடர்பு? தங்களைப் பெற்றவளுக்கும் அவருக்கும் என்ன நடந்தது? தம் பிள்ளை என்று தெரிந்துதான் தங்களை அழைத்து வந்தாரா? மறைந்த அம்மா அன்னம்மாள் இதை அறிந்தேதான் தங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாரா?

பதில் தேவை. சுற்றி வளைக்காத பதில்.

படைவீட்டார் பழனியாண்டி மகள்
ஜெயராணி

•

மில்டேரா
3 ஜனவரி 2013

ஜெயராணிக்கு,

என் ஆத்தா மொகம் எனக்குத் தெரியாது. ஒரு போட்டோ கெடையாது. அவளப் பத்தி இந்த உலகத்துல எழுதியிருக்கிற ஒரே எழுத்து இப்ப உன்னோடதுதான். நல்லா எழுதியிருக்க.

எங்க ஐயா அழகர்சாமி மண்ணுக்குள்ள இடுப்பு வரைக்கும் நசுங்கிக் கெடந்தப்ப, பக்கத்துல உக்காந்து வாயில தண்ணி ஊத்துனது நம்ம அப்பா. நான் பாத்தேன். அந்த மனுசனுக்குத்தான் துரோகம் பண்ணிட்டாருங்கிற. படிக்காதவன் எவனும் இப்படிக் கேக்க மாட்டான். இதுக்குப் படிப்பு வேணும்.

குறி எப்படி ஒண்ணாச்சுன்னு எனக்குத் தெரியாது. மிஷின் வேற யாரு எச்சியையோ பாத்துருச்சோ என்னவோ.

பெட்டிய தமீம் பாய் ஆளுகிட்ட கொடுத்து விட்டுட்டேன். சாவி இல்ல, கொக்கிதான். மூணு வருசமா நீ கேட்டது இதுதான? எடுத்துக்க. தாள நீயே படிச்சு, அதையும் ஊரெல்லாம் சொல்லு.

எனக்கு எழுதாத.

முத்துராஜ்

•

மின்னி பே
19 ஜனவரி 2013

அண்ணே,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்.

பெட்டி வந்தது. குடும்ப அட்டையின் ஓரங்கள் உப்பேறி வெளுத்திருக்கின்றன. தட்டச்சுத் தாள் நான்காக மடிக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. அது சாவுச் சீட்டு அன்று. அது ஒரு மனு. 1979ஆம் ஆண்டு, போர்ட் பிளேருக்கு வந்தபோது அப்பா யாரோ ஒருவரிடம் சொல்லி அடிக்க வைத்த மனு. அடியில் தமிழில் அவர் கையெழுத்து. அனுப்பப்படவேயில்லை. நான் எழுதக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அப்பா மனு எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

மனு மேசையில் பழகிய ஆங்கிலத்தைக் கொண்டு வரிக்கு வரி தமிழாக்கித் தருகிறேன். ஒரு சொல்லையும் அழகுபடுத்தவில்லை.

‘என் மகன் முத்துராஜ் ஆறு வயதில் இறந்துபோனான். அட்டையில் அவன் பெயர் இருந்தது. அடுத்த காம்பரா அழகர்சாமியின் மகன் செல்லையாவை அவன் இடத்தில் நிறுத்தி அழைத்து வந்தேன். குற்றம் என்னுடையது, பையனுடையது அன்று. அழகர்சாமி சாகும்போது என்னிடம் சொன்னது இதுதான்: நாங்கள் முசிறிப் பக்கத்துப் படைவீட்டார் வகை, பையனிடம் கொடுக்க இது ஒன்றுதான் இருக்கிறது, கொடுத்துவிடு. பையன் பெயருக்கு முன்னால் அதைப் போட்டால், தகப்பனுக்கு இல்லாதது மகனுக்கு எப்படி என்று கேள்வி வரும். ஆகவே என் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டேன். என் மகன் என்ற வழியில் அவனுக்கு அது போய்ச் சேரும். பையனைத் திருப்பி அனுப்பாமல், அவன் சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் ஏட்டில் சேர்க்கும்படி வேண்டுகிறேன்.’

இவ்வளவுதான்.

குடும்ப அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘பழனியாண்டி’ என்று மட்டுமே இருக்கிறது. படைவீட்டார் இல்லை. இலங்கையில் அவருக்கு அந்தப் பெயர் இருந்ததேயில்லை.

இயந்திரம் தவறவில்லை, அண்ணே. தவறியது நான். படைவீட்டார் நீங்கள். எழுதத் தெரிந்த நாள் முதல் கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பெயரை நிறுத்தி, பள்ளிப்படிப்பு இல்லாத குறையை அதனால் மறைத்துக்கொண்ட நான் அந்த வகையறாவில் யாருமில்லை. உங்கள் பெயரை நீங்கள் அறியாமல் நான் அணிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

கடலுக்கு முன்னால் அப்பா உங்கள் நெஞ்சில் வைத்து அழுத்தியது அவர் பெற்ற பிள்ளையின் தாளையல்ல. அட்டையைத் தவிர அந்தப் பெட்டியில் இறந்துபோன முத்துராஜுக்கென்று ஒன்றுமே இல்லை. உங்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. இன்னொன்றும் தோன்றுகிறது, ஆதாரம் இல்லாததால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கைகள் காலியாக இருந்தால் நீங்கள் அவரை விட்டுப் போயிருக்க மாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

உங்களைப் பெற்றவளைப் பற்றி நான் எழுதியதற்கு மன்னிப்பு என்ற சொல் போதாது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குச் சொல் கிடைக்காமல் போவது இதுவே முதல்முறை.

இப்போது கல்லைப் பற்றி. சிவஞானம் ஐயா ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார். நான் ‘சரி’ என்று ஒரு வரி எழுதினால் அப்பாவின் பெயர் வெட்டப்படும். யாரும் கேட்க மாட்டார்கள். பெட்டி வந்த பிறகு மூன்று நாள்கள் அந்த ‘சரி’ என் மேசையில் கிடந்தது. உறைக்குள்ளும் போட்டேன். அதையும் உங்களிடம் மறைக்கக்கூடாது.

நான்காம் நாள் உறையைப் பிரித்தேன். இன்னொருவர் பெயரைக் காப்பாற்ற அப்பா தம் பெயரில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அந்த இன்னொருவரின் இடத்தில் நான் அப்பாவை ஏற்றினால், அவர் செய்ததை அவர் மகளே அழித்தவள் ஆவேன். இத்துடன் வேறொரு கடிதம் வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. கல்லில் வர வேண்டிய பெயர் அழகர்சாமி என்று எழுதியிருக்கிறேன். அனுப்பினால் அப்பாவின் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது.

ஆனால் இது உங்கள் வாழ்க்கை. நாற்பது ஆண்டுகள் மறைத்த செய்தி. உங்களைக் கேட்காமல் வெளியிட எனக்கு உரிமையில்லை. ஒப்புதல் என்றால் அடியில் கையெழுத்திட்டு நீங்களே அஞ்சலில் சேருங்கள். இல்லையென்றால் கிழித்துவிடுங்கள், கல்லும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நான் அவர்களுக்கு எழுதிவிடுவேன்.

ப. ஜெயராணி

•

மில்டேரா
10 பிப்ரவரி 2013

தங்கச்சிக்கு,

கடிதாசிய மரத்தடியில வச்சுப் படிச்சேன். அன்னிக்கு நாப்பது மரம் வெட்டாம விட்டுட்டேன். மேஸ்திரி வந்து, “க்யா ஹுவா, தபியத் கராப்?”னு ஒடம்புக்கு என்னான்னு கேட்டாரு. “என் பேர் கெடச்சிருச்சு சாப்”னா சொல்ல முடியும்?

நீ எழுதின கடிதாசியில கையெழுத்துப் போட்டு முந்தாநாள் கப்பல்ல அனுப்பிட்டேன். எங்க ஐயா மண்ணுக்குள்ள கெடந்து சொன்ன சொல்லு. அத யாரோ ஒருத்தரு முப்பது வருசம் தலையில சொமந்துட்டு வந்து எறக்கி வச்சிருக்காரு. நான் கல்லு வேணாம்னா அவரு சொமந்ததுக்கு அர்த்தம் இல்ல. அழகர்சாமி பேரு இருக்கட்டும். செல்லையாங்கிற பேரும் அங்க இருக்கட்டும். இங்க யாரும் என்ன அப்படிக் கூப்பிட வேணாம். உங்க அண்ணி மட்டும் ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்தா. நான் திரும்பல.

கை விஷயம் எழுதியிருந்த. அதப் பத்தி இப்ப எழுத மாட்டேன். நேர்ல பேசலாம். வைகாசிக்கு நான் முசிறி போறேன். போற வழியில போர்ட் பிளேர்ல ஹட்டோ ஜெட்டியில எறங்குவேன். வந்து நில்லு. அங்க வச்சு ‘தாங்கள்’னு கூப்பிட்டா அப்படியே கப்பல் ஏறிடுவேன்.

பெட்டி உன்கிட்டயே இருக்கட்டும்.

என் ஆத்தாளப் பத்தி எழுதினது இன்னும் வலிக்குது. அது ஒரு கப்பல்ல போயிடாது. ஆனா உன் கடிதாசிய நான் கிழிக்கல.

ஒண்ணு சொல்லணும். கீழ ‘ப. ஜெயராணி’ன்னு போட்டிருந்த. அதப் பாத்ததும்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. படைவீட்டார்ங்கிற பேரு என்னோடதுதான? அப்ப யாரு போடலாம், யாரு போடக்கூடாதுன்னு நான்தான சொல்லணும்? நம்ம அப்பா எனக்காகப் போட்டுக்கிட்டாரு. அவரு மக நீ. அடுத்த கடிதாசியில பழையபடி முழுசா எழுது. இல்லேன்னா, விவரம் போதாதுன்னு திருப்பி அனுப்பிடுவேன்.

கல்லுல அவரு பேரு இல்லையேன்னு நெனைக்கிற. எனக்கும் ரெண்டு நாள் அப்படித்தான் இருந்துச்சு. நேத்து காலையில பிரட்டுல, ஆள் கணக்கெடுக்கிற எடத்துல நிக்கிறேன். எங்க டிவிசன்ல ரெண்டு முத்துராஜ் இருக்கோம், நானும் ஜெயலட்சுமி அக்கா மகனும். அதனால பேர் கூப்பிடறப்ப பெங்காலி பாபு அப்பா பேரையும் சேத்துத்தான் கூப்பிடுவாரு. இருபத்தாறு வருசமா கூப்பிடுறாங்க. எனக்குக் காதுல விழுந்ததே இல்ல, நேத்துதான் விழுந்துச்சு. காலையில அஞ்சரை மணி. மழை. நூறு பேரு வரிசையில நிக்கிறோம். பாபு புத்தகத்தத் தொறந்து, “முத்துராஜ், போலோனியாண்டி!”ன்னு கத்துறாரு.

“ஹாஜிர்”னேன்.

நாளைக்கும் கூப்பிடுவாரு.

அண்ணன்
முத்துராஜ், த/பெ பழனியாண்டி